தடையாணை வரப்பு

கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய்,
வழக்கமான விலைக்கு மேல்.
கவுனி அரிசிப் பையின் முதுகில்
தீப்பெட்டி அளவில் ஒரு பச்சைச் சீட்டு.
அதில் எங்கள் வரப்பு இருக்கிறது.

வரப்பென்றால் கால் வைத்து நடக்கும் வரப்பல்ல.
மாட்டுவண்டி போகிற அகலம்.
கொன்றைவயல் கண்மாய்க்கு
மழைத்தண்ணீரை இழுத்துப்போகும் வரத்துக்கால்
அதன் இடுப்போரம்.
மேலே பனைகள், கிளுவை, ஆவாரை,
பேர் தெரியாத முள்,
செம்புறாங்கல் குவியலுக்குள் ஒரு கீரிக் குடும்பம்.
வடக்கே என் வயல்.
தெற்கே தம்பி சாத்தையா வயல்.
நடுவே தேவகோட்டை நீதிமன்றம்.

பாகப்பத்திரம் எழுதியவர்
‘பனைவரிசை வரை’ என்று எழுதினார்.
பனை உட்படவா, நீங்கலாகவா
எழுதாமல் செத்துப்போனார்.
தீர்ப்பு வரும்வரை இரு தரப்பும்
வெட்டக் கூடாது, உழக் கூடாது,
மண் அள்ளக் கூடாது.
பத்தொன்பது வருஷம்
நாங்கள் எதுவும் செய்யவில்லை.
வயிற்றெரிச்சலோடு செய்யவில்லை.

சுற்றியிருந்த புஞ்சையெல்லாம் தைலமரமாய்ப் போயின.
கம்பெனிக்காரன் என்னிடமும் வந்தான்,
வில்லங்கச் சான்றைப் பார்த்தான்,
கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் போனான்.
சூளைக்காரனுக்குப் பனையை நான் விலை பேசியபோது
தம்பி மனுப்போட்டான்.
தம்பி பொக்லைன் கொண்டுவந்த ராத்திரி
நான் போலீசைக் கூட்டிவந்தேன்.

மாசியில் சுபாஷினி என்றொரு பெண் வந்தாள்.
டேப் பிடித்தாள், செல்லில் படமெடுத்தாள்,
வரத்துக்காலில் குனிந்து தவளை எண்ணினாள்.
“எத்தனை வருஷமாப் பாதுகாக்குறீங்க?”
“பத்தொன்பது.”
“எதனால இப்படிச் செய்யணும்னு தோணுச்சு?”
நான் தெற்கே பார்த்தேன்.
தெற்கே நின்றவன் வடக்கே பார்த்தான்.
“வக்கீல்” என்றோம் ஒரே நேரத்தில்.
வழக்குப் போட்ட பிறகு
நாங்கள் சேர்ந்து சொன்ன முதல் சொல்.
‘சமூகக் கட்டுப்பாட்டால் பேணப்பட்டது’
என்று படிவத்தில் குறித்துக்கொண்டாள்.

மெய்யாகவே மரம் வளர்த்த உடையப்பனுக்குச்
சீட்டுக் கிடைக்கவில்லை.
அவனுடையது தேக்கு,
பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசை வரிசையாக.
அவன் இப்போது
என்னோடு டீ குடிப்பதில்லை.

நிபந்தனை ஒன்று உண்டு, அடியில், எறும்பெழுத்தில்.
இரண்டு வயலும் சேர்ந்தே கணக்கு.
ஒரு பனை விழுந்தாலும்
கால் தூர்ந்தாலும்
சீட்டு ரத்து.
அதாவது, ஜெயித்து வரப்பை வயலோடு சேர்த்தால்
எனக்கு நஷ்டம்.
அவன் ஜெயித்தால் அவனுக்கு.

ஆனி வாய்தாவில்
தீர்ப்புக்கு நாள் குறிக்கலாமா என்றார் நீதிபதி.
இரண்டு வக்கீல்களும் எழுந்து
அவகாசம் கேட்டார்கள்.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றி
எங்களைப் பார்த்தார்.
திரும்பும்போது ஒரே பேருந்து.
டிக்கெட் அவரவர் எடுத்தோம்.

ஆள்காட்டி மட்டும்
வரப்படிக் கரம்பில் முட்டையிட்டுவிட்டு
வாதி, பிரதிவாதி என்று பாராமல்
யார் போனாலும் காட்டிக்கொடுக்கிறது.

நேற்று காரைக்குடிக் கடையில்
என் அரிசியை நானே காசு கொடுத்து வாங்கினேன்.
வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.
அழகாகத்தான் வரைந்திருக்கிறார்கள்.
நீலத்தில் தண்ணீர்,
எங்கள் ஊரில் இல்லாத ஏதோ பறவை,
பனை பத்து.

வரப்பில் பதினொன்று.

விரல்விட்டு மறுபடி எண்ணினேன்.
பத்துதான்.
கிளுவைக்கு அந்தப் பக்கம் தம்பி,
கையில் அவனும் ஒரு பை,
உதடு அசைய
எண்ணிக்கொண்டிருக்கிறான்.

விடுபட்டது
யார் பக்கத்துப் பனை?